இறுகிப்போன பிரேக்கும் அண்ணாச்சியோட எண்ணூறும்

நம்மள மாதிரி வெளியூர்ல குப்பை கொட்டறவங்க வீட்டுல பெரும்பாலும் ஒரு பழைய வண்டி நிக்கும். ஊர்ல வேப்பமரத்தடியில ஒரு அம்பாசிடர், இல்லேன்னா மாடிப்படிக்குக் கீழ ஒரு சேத்தக், இல்லேன்னா துணி போட்டு மூடின மாருதி 800. அப்பா ஓட்டினது. விக்கவும் மனசு வராது, ஓட்டவும் ஆள் இல்லை. "அடுத்த லீவுக்கு வந்து பாத்துக்கலாம்"னு ஒவ்வொரு லீவுலயும் சொல்லிட்டுத் திரும்பி வந்துடுவோம். ஒரு நாள் உண்மையாவே நகத்தணும்னு தள்ளிப் பார்த்தா வண்டி அசையாது. டயருக்குக் காத்து அடிச்சாலும் அசையாது. பின் சக்கரம் ரெண்டும் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

அந்த இடத்துல என்ன பண்ணணும், என்ன பண்ணவே கூடாதுங்கறதுதான் விஷயம். சமீபத்துல செம்பூர்ல எங்க சொசைட்டியில நடந்ததை வெச்சே சொல்றேன்.

எங்க கீழ்வீட்டு அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். நாப்பது வருஷத்துக்கு மேல பம்பாய்வாசி. அவர்கிட்ட ஒரு 1997 மாருதி 800 இருந்தது. பதினஞ்சு வருஷம் முடிஞ்சதும் 2012ல பதிவைப் புதுப்பிச்சார், 2017ல மறுபடியும், 2022 ஆரம்பத்துல மறுபடியும். அந்த வருஷம் ஏப்ரல்ல இருந்து பழைய காருக்குப் புதுப்பிக்கற கட்டணம் 600 ரூபாய்ல இருந்து 5,000 ஆச்சு. "முந்திக்கிட்டேம் பாத்தியளா"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சார். 2022 ஜூன்ல முதல் மழைக்கு முன்னாடி வண்டியைக் கழுவி, காம்பவுண்ட் ஓரமா நிறுத்தி, ஹாண்ட்பிரேக்கை நல்லா இழுத்துப் போட்டுட்டு இறங்கினார். ஜூலையில உடம்பு முடியாம ஆஸ்பத்திரி. செப்டம்பர்ல போயிட்டார்.

வண்டி அங்கேயே நின்னுது. மதினி யாரையும் தொட விடலை. பம்பாய் மழைக்காலம்னா ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள 2,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டும். செம்பூருக்குப் பக்கத்துலயே கடல் கழி வேற, உப்புக் காத்து. அப்படி மூணு மழைக்காலம்.

2024 அக்டோபர்ல சொசைட்டிக்காரங்க காம்பவுண்டுக்குப் புதுக் கல் பதிக்க முடிவு பண்ணி, பதினஞ்சு நாளுக்குள்ள வண்டியை எடுக்கணும்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அடுத்த நாளே ஒரு பங்கார்வாலா (பழைய இரும்புக்காரரைப் பம்பாய்ல இப்படித்தான் சொல்லணும்) வந்து நின்னார். சக்கரத்தை ஒரு உதை உதைச்சார். "ஜாம் ஹோ கயா. கிரேன் லகேகா." பன்னிரண்டாயிரம்தான் தருவேன், அதுலயும் கிரேன் கூலி கழிப்பேன்னார். கிரேன் வேண்டாம்னா டெம்போவுல கயிறு கட்டி இழுத்துட்டுப் போறேன்னு இன்னொரு யோசனை.

பெங்களூர்ல இருக்கற மகள் போன்ல, "குடுத்திரும்மா, எதுக்கு டென்ஷன்"னு சொல்லிட்டா. தப்பு சொல்ல முடியாது. அவ்வளவு தூரத்துல இருந்து வேற என்னத்தைச் சொல்றது?

மதினி எங்க வீட்டுக்கு வந்தாங்க. "தம்பி, அவனுக்கு குடுத்திரலாம்ங்கா மக. நீங்க என்ன சொல்லுதிய?"

எனக்கு வண்டியை வெச்சுக்கணுமா விக்கணுமான்னு சொல்ல உரிமை இல்லை. ஆனா ஒண்ணு தெரிஞ்சது. சக்கரம் சுத்தாத வரைக்கும் இந்த வண்டியைப் பத்தி மதினி முடிவு பண்ணலை, பங்கார்வாலாவும் நோட்டீசும் சேர்ந்து முடிவு பண்றாங்க. சக்கரம் சுத்திட்டா வண்டியை நாலு பேர் தள்ளி அடுத்த சந்துல நிறுத்தலாம், அப்புறம் நிதானமா யோசிக்கலாம். "முதல்ல பிரேக்கை விடுவிப்போம் மதினி. விக்கறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்"னேன்.

சரி, டிரம் பிரேக் ஏன் பிடிச்சுக்குது?

800ல முன் சக்கரத்துக்கு டிஸ்க், பின் சக்கரத்துக்கு டிரம். டிரம்ங்கறது வார்ப்பிரும்புல செஞ்ச ஒரு சட்டி, சக்கரத்தோட சேர்ந்து சுத்தும். அதுக்குள்ள பிறை வடிவத்துல ரெண்டு ஷூ. ஷூ மேல லைனிங் ஒட்டியிருக்கும். காலால மிதிச்சா பிரேக் ஆயில் போய் வீல் சிலிண்டர்ல இருக்கற பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஷூவைத் தள்ளும், ஷூ சட்டியோட உள்சுவரை அழுத்தும். ஹாண்ட்பிரேக்கும் அதே ஷூவைத்தான் அழுத்துது, ஆனா ஆயில் இல்லை, இரும்புக் கேபிள்.

ஆக ஒரு சக்கரம் இறுகிப்போக மூணு காரணம் இருக்கலாம். ஒண்ணு, லைனிங்கும் டிரம்மும் துருவால ஒட்டிக்கறது. வார்ப்பிரும்பு ஈரத்துல சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கும், பொங்கி வந்து லைனிங்கோட துளைகளுக்குள்ள இறங்கி பசை மாதிரி பிடிச்சுக்கும். ஹாண்ட்பிரேக் போட்டிருந்தா ரெண்டும் ஏற்கனவே அழுத்திக்கிட்டு இருக்கும், நடுவுல மாட்டின ஈரம் காயவே காயாது. ரெண்டு, கேபிள் அதோட உறைக்குள்ளயே துருப்பிடிச்சு நின்னுடறது. உள்ள லீவரை இறக்கினாலும் சக்கரத்துப் பக்கம் பிடி தளராது. மூணு, வீல் சிலிண்டர்ல பிஸ்டன் இறுகறது, இல்லேன்னா பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போய் ஆயிலைத் திரும்ப விடாம அடைச்சுக்கறது.

மூணுக்கும் வைத்தியம் வேற வேற. எது காரணம்னு பார்க்காம சுத்தியலைத் தூக்கினா புதுசா ஒரு செலவு வரும். டெம்போ கட்டி இழுத்தா? சக்கரம் சுத்தாம தேய்ச்சுக்கிட்டே வரும், டயர் போகும். சில சமயம் 'டப்'னு விடுபட்டு நல்லாவே ஓடும். அதுதான் எல்லாத்தையும்விட ஆபத்து. ஏன்னு கீழ சொல்றேன்.

குர்லாவுல இருந்து ஒரு சாச்சாவை வரச் சொன்னேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும், பழைய ஃபியட் டாக்ஸி காலத்துல இருந்து பிரேக் வேலை பாக்கறவர். ஞாயித்துக்கிழமை காலையில வந்தார். வந்ததும் சுத்தியலை எடுப்பார்னு நினைச்சேன். அவர் கேட்டது ரெண்டு செங்கல்லும் ஒரு டீயும்.

செங்கல் முன் சக்கரத்துக்கு அண்டை குடுக்க. பின்னாடி தூக்கி பிரேக்கை விடுவிக்கற நேரத்துல வண்டியைப் பிடிச்சு வெக்கறதுக்கு வேற ஒண்ணும் இருக்காது. அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழ ஸ்டாண்டு வெச்சார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில கையோ தலையோ நீட்டவே கூடாது. இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

ஹாண்ட்பிரேக்கை இறக்கணும். நான் கதவைத் திறக்கப் போனேன். மதினி, "இருங்க தம்பி"ன்னாங்க. கொஞ்ச நேரம் வண்டியையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "அவுக கடைசியா கையால பிடிச்சு இழுத்தது அதுதான். அதான் யாரையும் தொட விடல." அப்புறம் அவங்களே டிரைவர் சீட்டுல உக்காந்து, பட்டனை அமுக்கி லீவரைக் கீழ இறக்கினாங்க. பழக்கப்பட்ட கைன்னு பார்த்ததும் தெரிஞ்சது. கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க, 2003லயே லைசென்ஸ் எடுத்தாச்சாம், சொல்லிக்குடுத்தது அண்ணாச்சிதானாம். இத்தனை வருஷத்துல அவங்க ஓட்டி நாங்க பார்த்ததே இல்லை.

லீவர் இறங்கிடுச்சு. சக்கரம் ரெண்டும் அசையலை :-)

சாச்சா கீழ படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தார். டிரம்முக்குப் பின்பக்கம் கேபிள் வந்து மாட்டற குட்டி லீவர் ஒண்ணு இருக்கும். இடது பக்கம் அது தளர்ந்து பழைய இடத்துக்கு வந்திருந்தது. வலது பக்கம் இழுத்தபடியே நின்னுது. வலது பக்கம் வில்லன் கேபிள்னு புரிஞ்சுபோச்சு. துரு ஏறின கேபிளைக் காப்பாத்தி ஒண்ணும் ஆகப் போறதில்லை, வெட்டி எடுத்தார். குட்டி லீவரை ஸ்க்ரூடிரைவரால நெம்பித் தட்டினதும் பின்னாடி வந்தது. சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டினா கரகரன்னு சத்தத்தோட சுத்த ஆரம்பிச்சது. பத்து நிமிஷ வேலை.

இடது பக்கம்தான் ரெண்டு மணி நேரம் எடுத்தது. அங்க கேபிள் குத்தவாளி இல்லை. அடுத்து ஆயிலா, துருவான்னு பார்க்கணும். வீல் சிலிண்டர்ல ஆயில் விடற சின்ன நிப்பிள் இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தினா உள்ளே அடைபட்ட அழுத்தம் வெளியேறிடும். உடனே சக்கரம் சுத்தினா ஹோஸோ சிலிண்டரோ காரணம். சுத்தலைன்னா லைனிங் ஒட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். நிப்பிளும் துரு ஏறித்தான் இருக்கும், அவசரப்பட்டா கையோட முறிஞ்சு வரும். அதனால முதல் நாள் ராத்திரியே அதுல துரு இளக்கற எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு வெக்கச் சொல்லியிருந்தார். சுத்தி வளைச்சுப் பிடிக்கற ரிங் ஸ்பேனர் போட்டுத் திறந்தார். பழுப்பா நாலு சொட்டு வந்தது. சக்கரம் அசையலை. ஆக, துரு.

இந்த இடத்துல எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். அந்த எண்ணெயையே டிரம்முக்குள்ள பீச்சி அடிச்சா என்னன்னு. கூடாது. லைனிங் எண்ணெயைக் குடிச்சுட்டா அப்புறம் அது பிரேக்கே இல்லை, வழுக்கும். மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வீல் சிலிண்டரோட ரப்பரை உப்ப வெச்சுக் கெடுத்துடும். எண்ணெய் வெளியில இருக்கற நட்டு, போல்ட்டு, நிப்பிளுக்கு மட்டும்தான்.

சாச்சா பண்ணினது இதுதான். சக்கரத்தைக் கழட்டி, டிரம் மேல ஒரு மரக்கட்டையை வெச்சு, கட்டை மேல சுத்தியலால தட்டினார். ஓங்கி அடிக்கலை. ஒரு இடத்துல நாலு தட்டு, கட்டையைக் கொஞ்சம் நகத்தி அடுத்து நாலு, இப்படியே வட்டமா ஒரு சுத்து. வார்ப்பிரும்பு நேரடி அடிக்கு விரிசல் விடும், அதுலயும் ஓரத்துல அடிச்சா சில்லு பேந்துடும். தட்டறது உடைக்க இல்லை, அதிர்வுல துரு விடறதுக்கு. ஒரு சுத்து முடிஞ்சதும் சக்கரத்தைத் திரும்ப மாட்டி, ஆளுக்கு ஒரு பக்கமா டயரைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினோம். டயர் பெரிசுங்கறதால நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். அசையலை. மறுபடி கழட்டு, தட்டு, மாட்டு, ஆட்டு. நாலாவது தரம் எனக்குப் பொறுமை போய், "வண்டியை ஸ்டார்ட் பண்ணி கியர் போட்டு இழுத்துப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன். "ஜல்தி கிஸ் கோ ஹை?"ன்னார். யாருக்கு அவசரம்? எனக்கு இல்லை, மதினிக்கும் இல்லை. நோட்டீசுக்குத்தான் அவசரம், அதுக்கும் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

ஆறாவது தடவை 'டக்'னு ஒரு சத்தம். சக்கரம் கால் சுத்து போச்சு. சொசைட்டி வாட்ச்மேன் கை தட்டினார்.

நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் இங்கயே வேலை முடிஞ்சதுன்னு கையைக் கழுவிடுவாங்க. முக்கால்வாசி மெக்கானிக்குகளும்தான். ஆனா இனிமேதான் முக்கியமான வேலை, டிரம்மைக் கழட்டி உள்ளே பார்க்கறது. 800ல நடுவுல இருக்கற மூடியை எடுத்து, பின்னைக் கழட்டி, நட்டைத் தளர்த்தி, இழுவை வெச்சு வாங்கணும். வருஷக்கணக்குல தேய்ஞ்ச டிரம்மோட உள்விளிம்புல ஒரு வரப்பு மாதிரி நிக்கும், ஷூ அதுல மாட்டிக்கும். அதனால ஷூவை முதல்ல உள்பக்கம் தளர்த்தணும்.

டிரம் வந்தது. உள்ளே பார்த்து சாச்சா ஒண்ணும் சொல்லாம என்கிட்ட நீட்டினார். ஒரு ஷூவோட லைனிங் ஷூவுல இல்லை, முழுசா பேந்து டிரம்மோட சுவர்ல ஒட்டியிருந்தது. அந்த 'டக்' சத்தம் துரு விட்ட சத்தம் இல்லை, லைனிங் ஷூவை விட்டுப் பிரிஞ்ச சத்தம். இதோட ரோட்டுல போயிருந்தா, அந்த லைனிங் கழண்டு ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல ஆப்பு மாதிரி மாட்டி, ஓடற வேகத்துல ஒரு பின் சக்கரம் நின்னுடும். வண்டி திரும்பும், உருளும். 'டப்'னு விடுபட்டு நல்லா ஓடறதுதான் ஆபத்துன்னு சொன்னது இதனாலதான்.

இன்னொரு விஷயம். டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்பா தூசி இருக்கும். மெக்கானிக்குகள் பழக்கதோஷத்துல வாயால ஊதுவாங்க, இல்லேன்னா காத்து அடிப்பாங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சாச்சா ஊதறதுக்குக் குனிஞ்சார், நான் ஈரத்துணியை நீட்டினேன். கொரோனா காலத்து மாஸ்க்கும் ஒரு டப்பா மிச்சம் இருந்தது, ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கிட்டோம். தூசியை நனைச்சுத் துடைச்சு, துணியை பிளாஸ்டிக் பையில கட்டிப் போட்டாச்சு.

மிச்சத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் ஷூ புதுசு (ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்). ரெண்டு வீல் சிலிண்டர், கேபிள், பின்பக்க ஹோஸ் எல்லாமே புதுசு. டிரம்மை லேத்துல குடுத்து லேசா சீவினாங்க. எவ்வளவு வரைக்கும் சீவலாம்னு ஒரு அளவு உண்டு, அதைத் தாண்டினா டிரம்மையே மாத்தணும். பழைய பிரேக் ஆயிலை முழுசா வடிச்சுப் புது ஆயில் விட்டு ஏர் எடுத்தாங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தைத் தானா இழுத்துக்கும், சிலிண்டர் உள்ளே துரு ஏறறதுக்கே அதுதான் காரணம். அதனால ஓடினாலும் ஓடாட்டாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தணும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டுல சாமானெல்லாம் கிடைச்சுது. கூலியோட சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம்.

அடுத்த வாரம் பங்கார்வாலா மறுபடி வந்தார். வண்டியை வாட்ச்மேன் ஒத்தை ஆளா தள்ளறதைப் பார்த்துட்டு, கேக்காமலே இருபத்திரண்டாயிரம்னார். மதினி சிரிச்சுக்கிட்டே, "யோசிச்சு சொல்லுதேன்"னு தமிழ்லயே சொல்லி அனுப்பிட்டாங்க. அவருக்குப் புரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கறேன்.

வண்டி இப்போ அடுத்த சந்துல நிக்குது. கண்டிப்பா வெச்சுக்கப் போறாங்கன்னெல்லாம் நான் சொல்ல வரலை. புது பேட்டரி போட்டு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மெதுவா காலனியை ஒரு சுத்து சுத்திட்டு வந்தாங்க, நான் பக்கத்து சீட்டுல. முதல் திருப்பத்துலயே பிரேக்கை மிதிச்சுப் பார்த்து, "நல்லா பிடிக்கி தம்பி"ன்னாங்க. விக்கறதா இருந்தா அவங்க சொல்ற விலைக்கு, அவங்க சொல்ற நாள்ல விப்பாங்க. அது போதும்.

ஊர்ல வண்டி நிக்கறவங்க இன்னிக்கு ராத்திரி போன்ல சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ரொம்ப நாள் நிக்கப் போற வண்டிக்கு ஹாண்ட்பிரேக் போட வேண்டாம். சமதரையில நிறுத்தி, கியர்ல போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வெச்சாப் போதும். கழுவினதும், மழையில நனைஞ்சதும் அப்படியே நிறுத்தாம, கொஞ்ச தூரம் ஓட்டி நாலு தரம் பிரேக்கை மிதிச்சுக் காயவிட்டு நிறுத்தணும். மாசம் ஒரு தரம் பக்கத்து வீட்டுப் பையனை விட்டு ரெண்டடி முன்னாடி, ரெண்டடி பின்னாடி தள்ளச் சொல்லுங்க. ஏற்கனவே இறுகியிருந்தா யாரும் கயிறு கட்டி இழுக்க வேண்டாம், நீங்க வர்ற வரைக்கும் அப்படியே நிக்கட்டும்.

பி.கு.: வண்டி யார் பேர்ல இருந்ததோ அவர் தவறிட்டா, ஆர்.டி.ஓ.வுல படிவம் 31 குடுத்து வாரிசு பேருக்கு மாத்தணும், மூணு மாசத்துக்குள்ள. மதினி வீட்டுல அதை மகள் 2022லயே முடிச்சுட்டா, அதனால இப்போ தலைவலி இல்லை. பழைய இரும்புக்கே போடறதா முடிவு பண்ணினாலும் தெருவுல வர்ற ஆள்கிட்ட குடுக்காம, அங்கீகாரம் வாங்கின வாகன அழிப்பு மையத்துல குடுத்து சான்றிதழ் வாங்கிக்குங்க. 2021ல வந்த விதிப்படி அந்தச் சான்றிதழைக் காட்டிப் பதிவை ரத்து பண்ணிக்கலாம். இல்லேன்னா வண்டி போயிடும், பேர் மட்டும் உங்க தலையில நிக்கும்.